டபிள்யூ இழுப்பறை

இங்கிலாந்தின் வடக்கில், யார்க்ஷயரில் இருக்கும் லீட்ஸில் ஒரு கண் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். எட்டு வருடமாகிறது. கணினி வந்து எத்தனையோ காலமாகியும் பழைய அட்டைகள் அகரவரிசைப்படி இழுப்பறைகளில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் டபிள்யூ இழுப்பறையைத் திறப்பது தனி வேலை. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்க வேண்டும். வில்சன், ரைட், வார்ட், உட் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். ஆனாலும் அந்த இழுப்பறையின் பாரம் வாக்கர்களால் வந்தது. விரலை வைத்துத் தள்ளினால் வாக்கர், வாக்கர், வாக்கர் என்று ஒரு சாண் அகலத்துக்கு அதே பெயர். முதல் பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் பிறந்த தேதியை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

இங்கே வருவதற்கு முன்பு மூன்று வருடம் எக்ஸிடரில் இருந்தோம். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவனில் இருக்கும் ஊர். கணவரின் படிப்புக்காகப் போனோம். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கேயும் வாக்கர்கள் உண்டு, ஆனால் அடிக்கடி கூப்பிட்ட பெயர் டக்கர். நம் பேச்சில் 'டக்கர்' என்றால் பிரமாதம் என்று பொருள் அல்லவா, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். லீட்ஸுக்கு வந்த பிறகு மாதக்கணக்கில் ஒரு டக்கர்கூட என் மேசைக்கு வரவில்லை.

இந்த இரண்டு பெயர்களும் ஒரே தொழிலைச் சொல்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாக்கர் என்றால் நடப்பவர் என்றே நினைத்திருந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் வேகமாக நடந்து போகிறாரே, அந்தப் படத்தை 1908இல் வரைந்தவரும் அந்தப் பெயரை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஊர் ஊராகச் செய்தி கொண்டு போனவர்களாக இருக்கும், காட்டைச் சுற்றிக் காவல் காத்தவர்களாக இருக்கும் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியதுபோல் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்த ஒரு வயதான வாக்கரிடம் பேச்சுக் கொடுத்தேன். நெசவாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "உங்கள் முன்னோர்கள் நிறைய நடந்தவர்களோ?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நடந்தார்கள்தான். ஆனால் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை."

அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்தத் தொட்டி என் தலையிலேயே தங்கிவிட்டது.

தொட்டிக்குள் நடந்தது என்ன என்று எனக்குப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கையில் கிடைத்திருந்தது. போன குளிர்காலத்தில் என் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று தவறிப்போய் ஜீன்ஸ் துணிகளோடு சேர்ந்து சலவை இயந்திரத்துக்குள் போய்விட்டது. சூடான தண்ணீர், சோப்பு, ஒரு மணி நேர உருட்டல். வெளியே எடுத்தபோது ஆறு வயதுக் குழந்தைக்குப் போடலாம் போல இருந்தது. துணியும் மாறியிருந்தது. முன்பு பின்னலின் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தெரியும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இப்போது கண்ணியே தெரியவில்லை. அட்டை மாதிரி தடிமன். கத்தரியால் ஒரு ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், ஒரு இழைகூடப் பிரிந்து வரவில்லை. ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி மாட்டிக்கொள்கின்றன. ஏறியது திரும்ப இறங்காது.

இங்கிலாந்தில் இதை வேண்டுமென்றே செய்தார்கள், அதுவும் பல நூறு வருடங்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி பார்க்கத் தொளதொளவென்று இருக்கும். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே காற்று புகும். ஆட்டின் இயற்கை எண்ணெயோடு, நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுக்கும். அப்படியே தைத்துப் போட்டுக்கொண்டால் குளிரும் தாங்காது, மழையும் தாங்காது. அதனால் துணியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, எண்ணெயை எடுக்கப் புளித்துப்போன சிறுநீரோ ஒருவகைக் களிமண்ணோ சேர்த்து, ஆள் உள்ளே இறங்கி மணிக்கணக்காக மிதிப்பார். சிறுநீர் நாள்பட்டால் அதில் அம்மோனியா உண்டாகும். அது எண்ணெயோடு சேர்ந்து சோப்பு மாதிரி வேலை செய்யும். களிமண் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மிதிக்க மிதிக்கத் துணி நீளத்திலும் அகலத்திலும் சுருங்கிக் கெட்டிப்படும்.

அந்தக் களிமண் நமக்குப் புதிது இல்லை. முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி அதே இனம்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பல நிறுவனங்கள் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று போட்டிருப்பார்கள். ஃபுல்லரின் மண். அந்த ஃபுல்லரும் தொட்டிக்குள் இறங்கி மிதித்த அதே ஆள்தான். இப்படி மூன்றாவது பெயர் என் குளியலறை அலமாரியிலேயே இத்தனை காலம் உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்தில் இந்த மண் சர்ரேயில் கிடைத்தது, பாத் நகரத்தை ஒட்டிக் கிடைத்தது, வோபர்ன் பக்கம் கிடைத்தது. கம்பளி வியாபாரம் நாட்டின் உயிர்நாடியாக இருந்த 17ஆம் நூற்றாண்டில் இதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்றே தடை போட்டார்கள். மண்ணுக்குத் தடை! அவ்வளவு மதிப்பு.

சரி, ஒரே ஆளுக்கு ஏன் மூன்று பெயர்?

ஃபுல்லர் என்பது லத்தீனிலிருந்து வந்தது. ரோமானியர்கள் இந்தத் தொழிலாளியை ஃபுல்லோ என்றார்கள். பாம்பெயில் கிடைத்த ஒரு சுவரோவியத்தில் ஆட்கள் தொட்டிக்குள் நின்று துணி மிதிப்பதை இன்றும் பார்க்கலாம். இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும், சஸெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் பக்கங்களில், இந்தச் சொல் நின்றது. டக்கர் தென்மேற்கின் சொல். பழைய ஆங்கிலத்தில் 'டூகியன்' என்றால் வதைப்பது, துன்புறுத்துவது. துணியை அடித்து இழுத்து வதைத்ததால் அந்தப் பெயர். டெவனிலும் சாமர்செட்டிலும் கார்ன்வாலிலும் துணி மிதிக்கும் ஆலையே 'டக்கிங் மில்'. கார்ன்வாலில் கேம்போர்ன் ஊரை ஒட்டி டக்கிங்மில் என்றே ஓர் ஊர் இருக்கிறது. வாக்கர் வடக்கின் சொல், நடு இங்கிலாந்திலும் பரவியது. வேல்ஸில் இந்த ஆலைக்குப் 'பான்டி' என்று பெயர். டோனிபான்டி என்ற ஊர்ப் பெயருக்குள் இருப்பது அதுதான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஈரத் துணியைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டே இதற்கென்று இருந்த பாட்டுகளைப் பாடினார்கள். அந்தப் பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன.

விக்லிஃப் என்ற மதச் சீர்திருத்தவாதியின் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், பைபிளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. மாற்கு நற்செய்தியில் இயேசுவின் ஆடை, பூமியில் எந்தத் தொழிலாளியாலும் வெளுக்க முடியாத வெண்மையாகப் பளிச்சிட்டது என்று ஓர் இடம். தமிழில் படிக்கும்போது நமக்குத் துணி வெளுப்பவர் நினைவுக்கு வருவார். விக்லிஃபின் முதல் பதிப்பில் 'ஃபுல்லர்' என்று எழுதிவிட்டு, 'அல்லது துணி மிதிக்கும் வாக்கர்' என்று கூடவே சேர்த்திருக்கிறார்கள். தெற்கத்தியானுக்கு ஒரு சொல், வடக்கத்தியானுக்கு ஒரு சொல். அந்த 'அல்லது'வைப் படித்தபோது எனக்கு அப்படியே மனசு நிறைந்துபோனது. ஒருவர் கையெழுத்துப் பிரதி எழுதிக்கொண்டிருக்கும்போது, யார்க்ஷயரில் ஒருவன் இதைக் கேட்டால் புரியுமா என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்.

வாக்கரில் நான் அதிகம் மயங்கி நின்றது அந்தச் சொல்லின் வேரில்தான். பலர் இப்படிச் சொல்வார்கள்: துணி மேல் நடந்தார்கள், நடப்பது ஆங்கிலத்தில் 'வாக்', அதனால் வாக்கர். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை வேறு வரிசையில் நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்ற வினைச்சொல்லுக்கு உருட்டு, புரட்டு, அலைக்கழி என்பதுதான் பொருள். அந்தக் காலத்துப் பாட்டுகளில் கடல் அலை புரள்வதற்கு இந்த வேரிலிருந்து பிறந்த சொல்லைத்தான் போடுவார்கள். துணியைத் தண்ணீரில் போட்டு உருட்டிப் புரட்டுகிறவன் 'வெயல்கெரே'. காலால் நடப்பது என்ற பொருள் அந்த வினைச்சொல்லில் நிலைத்தது அதற்கப்புறம், 13ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். அதாவது துணிக்காரர் வாக்கர் ஆன காலத்தில், தெருவில் நடந்து போகிறவனை யாரும் அந்தச் சொல்லால் குறிப்பிடவில்லை. ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்றால் இன்றும் துணியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதுதான். நடப்பதற்கு அங்கே வேறு சொல்.

தமிழில் இதற்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுவது 'துவை'. துணியைத் துவைக்கிறோம், தேங்காயும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைக்கிறோம். இரண்டிலும் உள்ள துவை ஒன்றுதான்: அடித்து நசுக்குவது. இன்று துவைப்பது என்றால் சுத்தம் செய்வது என்ற பொருள் முன்னால் நிற்கிறது, நசுக்குவது துவையலுக்குள் ஒதுங்கிக்கொண்டது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'வாக்' என்ற வினைச்சொல் உருட்டுவதைக் கைவிட்டு நடக்கப் போய்விட்டது. குடும்பப் பெயர் அந்தப் பழைய பொருளைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் எண்ணிக்கையில் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் வாக்கர் வந்துவிடும். அத்தனை பேர் சேர்ந்து, இறந்துபோன ஒரு பொருளைத் தினமும் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மிதித்தவர்களுக்கு நடந்தது என்ன என்று தேடப் போனபோது நான் எதிர்பார்க்காத இடத்தில் போய் நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் டெம்பிள் நியூசம் என்ற பெரிய மாளிகையும் பூங்காவும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். ஆட்டுப் பண்ணையும் உண்டு. பெயரில் உள்ள 'டெம்பிள்' கோயில் இல்லை, டெம்ப்ளர்கள் என்ற போர்வீரத் துறவிகள். அந்த நிலம் அவர்களுடையதாக இருந்தது. 1185இல் அவர்கள் இங்கிலாந்தில் தங்களுக்கு இருந்த சொத்துகளுக்கெல்லாம் ஒரு கணக்கு எடுத்தார்கள். அதில் நியூசமில் துணி மிதிக்கும் ஆலை ஒன்று பதிவாகியிருக்கிறது. காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பக்கம் பார்ட்டன் என்ற இடத்தில் இன்னொன்று. இங்கிலாந்தில் இந்த ஆலைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் இவை சேரும். தண்ணீர்ச் சக்கரம் சுற்றும், சக்கரத்தின் அச்சில் உள்ள முனைகள் பெரிய மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கி விடும், அவை தொட்டியில் கிடக்கும் துணி மேல் மாறி மாறி விழும். கால்களுக்குப் பதிலாக ஆறு.

எலினோரா கேரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே சொன்னார். நீராவி இயந்திரத்துக்கு ஐந்நூறு வருடம் முன்பு. துணித் தொழில் நகரங்களை விட்டு, வேகமாக ஓடும் ஓடைகள் இருந்த மலைப்பகுதிகளுக்கு நகர்ந்தது என்பது அவர் வாதம். அதைப் பிறகு வந்தவர்கள் முழுதாக ஏற்கவில்லை, நகரங்கள் தளர்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றார்கள். எனக்குப் படிக்கும்போது தோன்றியது, ஆலை வந்ததைவிட ஆலை யாருடையது என்பதுதான் சண்டையாகியிருக்கிறது.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஊர் மடத்துக்குச் சொந்தம். மடாதிபதி ஆலை வைத்திருந்தார். ஊரார் தங்கள் துணியை அங்கே கொண்டுவந்துதான் மிதிக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும் என்பது அவர் கட்டளை. ஜனங்கள் வீட்டிலேயே தொட்டி வைத்து மிதித்தார்கள். மடத்து ஆட்கள் வீடு வீடாகப் போய்த் துணியைப் பறித்தார்கள். ஊரார் பணம் திரட்டி வழக்காடினார்கள். 1274இல் எலனோர் அரசி அந்த ஊர் வழியாக வந்தபோது பெண்கள் போய் அவரிடம் முறையிட்டார்கள். வழக்கில் தோற்றார்கள். வீட்டுக்குள் சொந்தத் துணியைச் சொந்தக் காலால் மிதிப்பது குற்றம் என்று ஆகிவிட்டது.

லண்டனில் வேறு மாதிரி. அங்கே துணி மிதித்தவர்கள் சங்கமாக இருந்தார்கள். நகரத்துக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த ஆலைக்குத் துணி போவதைக் கண்டு கொதித்துப்போனார்கள். 1298இல் நகர நிர்வாகம் அதைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. தடுத்து எத்தனை நாளைக்கு நிறுத்த முடியும்? அடுத்த நூற்றாண்டில் லாங்லண்ட் எழுதிய நீண்ட கவிதையில் இப்படி வருகிறது: தறியிலிருந்து வரும் துணி உடுத்தத் தகுதியில்லை, அது காலாலோ சுத்தியலாலோ மிதிபட்டு, தண்ணீரில் அலசப்பட்டு, முட்களால் வாரப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டு, தையற்காரன் கைக்கு வரும் வரை. காலும் சுத்தியலும் அந்த ஒரு வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் ஒரே காலத்தில் நடந்துகொண்டிருந்தன என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

கவிதையில் முட்கள் என்றது ஒருவகைச் செடியின் காய்ந்த பூத்தலை. சீப்பு மாதிரி கொக்கி முட்கள் இருக்கும். அதனால் துணியை வாரி மேலே ரோமம் எழுப்புவார்கள். எழும்பிய ரோமத்தைப் பெரிய கத்தரியால் சமமாக வெட்டுபவர் ஷியர்மன், அதுவே ஷெர்மன் என்ற குடும்பப் பெயர். ஆட்டிலிருந்து சட்டை வரை நடந்த வேலைகளை இப்படிப் பெயர்களாலேயே வரிசையாகச் சொல்லிவிடலாம்: மேய்ப்பவர் ஷெப்பர்ட், நெய்பவர் வெப், வெப்பர், வெப்ஸ்டர், சாயம் போடுபவர் டையர், வடக்கே லிஸ்டர், விற்பவர் டிரேப்பர், தைப்பவர் டெய்லர். எங்கள் இழுப்பறைகளில் எல்லாரும் இருக்கிறார்கள்.

தொழில் எப்போது பெயராக உறைந்தது? ஒரு நாளில் நடந்ததில்லை. நார்மன்கள் வந்த 1066க்குப் பிறகு நிலப்பிரபுக்கள் முதலில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், சாதாரண ஜனங்களுக்கு அது 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல வந்தது. வரி வசூலிக்க ஆளை அடையாளம் காட்ட வேண்டும். ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால் துணி மிதிக்கும் ஜான், ஆற்றங்கரை ஜான், ராபர்ட் மகன் ஜான் என்று எழுதிக்கொள்வார்கள். 1379இல் எடுத்த தலைவரிப் பட்டியல் எங்கள் மேற்கு யார்க்ஷயர் பகுதிக்கு நன்றாகவே மிஞ்சியிருக்கிறது. சாதாரண ஆளுக்கு 4 பென்னி, கைத்தொழில்காரருக்குப் பெரும்பாலும் 6 பென்னி. சிலருக்குப் பெயர் ஒன்று, அருகே தொழில் ஒன்று என்று இரண்டும் எழுதியிருப்பார்கள். பெயரும் தொழிலும் பொருந்தாத இடம் வந்தால், தகப்பன் பெயர் மகனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம், அது ஒவ்வொரு தலைமுறையும் மாறிவிடும். இங்கே அறுநூறு வருடமாக ஒரே பெயர் இறங்கி வந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆச்சரியம் அடங்கவே இல்லை.

அந்தத் தலைவரிதான் இரண்டு வருடத்தில் ஆளுக்கு 12 பென்னியாக ஏறி, 1381இல் பெரிய கலகமாக வெடித்தது. தலைவன் வாட் டைலர், ஓடு வேய்பவர் என்ற தொழிற்பெயர் கொண்டவர். அந்தக் கலகத்தில் செயின்ட் ஆல்பன்ஸ் ஜனங்கள் மடத்துக்குள் புகுந்து தரையைப் பெயர்த்தார்கள். முன்பு ஒரு மடாதிபதி ஊராரிடமிருந்து பறித்த மாவரைக்கும் கற்களைத் தரையில் பதித்து வைத்திருந்தார். அவற்றை எடுத்து உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். நூறு வருடத்துக் கோபம்.

இவ்வளவும் படித்த பிறகு அந்தச் சுத்தியல்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. லங்காஷயரில் ஹெல்ம்ஷோர் என்ற இடத்தில் 1789இல் கட்டிய துணி மிதிக்கும் ஆலை அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு சனிக்கிழமை போனோம். கீழ்த்தளத்தில் குளிர்ச்சியாக, ஈர மரத்தின் வாசனை. சுத்தியல்கள் என்றால் நான் கையில் பிடிக்கும் அளவை நினைத்திருந்தேன். அவை ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு தடித்த மரக்கட்டைகள், நீண்ட மரக் கைப்பிடியில் தொங்குகின்றன. அடிக்கும் முகம் சமமாக இல்லை, படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கிறார்கள். தொட்டியின் உட்புறம் வளைவு. அங்கே இருந்த பெண்மணி காரணம் சொன்னார். படியும் வளைவும் சேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் துணியைக் கொஞ்சம் திருப்பிவிடும். அப்படித் திரும்பாவிட்டால் ஒரே இடத்தில் அடிபட்டுத் துணி கிழிந்துவிடும்.

கேட்டுக்கொண்டே நின்றவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. உருட்டு, புரட்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்திய அந்த வினைச்சொல்லுக்கு என்ன பொருளோ, அதே வேலையை அந்த மரத்தின் வளைவு செய்கிறது. காலால் மிதித்தவரும் அதைத்தான் செய்திருப்பார், ஒவ்வொரு மிதிக்கும் குதிகாலால் துணியை மடக்கித் தள்ளிக்கொண்டே. வாக்கர் என்றால் அந்தத் தள்ளல்.

சிறுநீரை இங்கே வடக்கில் 'லான்ட்' என்பார்களாம். வீடுகளில் பானையில் சேர்த்து வைத்து ஆலைக்குக் கொடுப்பார்கள். என் மகன் அதைக் கேட்டதிலிருந்து வீடு வரும் வரை வேறு எதுவும் பேசவில்லை.

மிதித்து முடித்த ஈரத் துணியை வெளியே கொண்டுபோய் நீளமான மரச் சட்டங்களில் கொக்கிகளால் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள், இல்லையென்றால் கோணலாகச் சுருங்கிவிடும். அந்தக் கொக்கிக்கு டென்ட்டர்ஹுக் என்று பெயர். பதற்றமாகக் காத்திருப்பவரை ஆங்கிலத்தில் 'டென்ட்டர்ஹுக்கில் இருக்கிறார்' என்பார்கள். கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் என் மேசை முன்னால் உட்கார்ந்து எத்தனையோ முறை அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

எக்ஸிடரை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. அங்கே ஃபோர் ஸ்ட்ரீட்டில் டக்கர்ஸ் ஹால் என்று பழைய கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. நெசவாளர், துணி மிதிப்பவர், ரோமம் வெட்டுபவர் மூவரும் சேர்ந்த சங்கத்தின் கூடம். 1471இல் அவர்களுக்குக் கிடைத்த இடம், அந்தச் சங்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மூன்று வருடம் அதன் வாசலைக் கடந்திருக்கிறேன். யாரோ டக்கர் என்ற பணக்காரர் கட்டியது என்று நினைத்துக்கொண்டு ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் கோடையில் கட்டாயம் போக வேண்டும்.

அந்த வயதான வாக்கர் போன மாதம் மறுபடி வந்தார். சுருங்கிப்போன என் ஸ்வெட்டரின் வெட்டிய துண்டை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். ஓரத்தைப் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, சரியாகத் தெரிந்திருக்காது. விரல் சொன்னது போதும் போல.

"இன்னும் கொஞ்சம் மிதித்திருக்கலாம்" என்றார்.